செப்டெம்பரில் நிறைந்த குளம்

“மின்னேரியாவில் தண்ணீர் கூடிவிட்டது மாத்தையா, அங்கே போய்ப் பிரயோசனம் இல்லை” என்றார் ஹபரணைச் சந்தியில், யானை பார்க்க ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்புடன் நின்ற சாரதி. சாவீட்டுச் செய்தி சொல்வது போன்ற குரல். மொரகஹகந்த நீர்த்தேக்கம் திறக்கப்பட்டு ஓரிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. செப்டெம்பர் நடுப்பகுதி, காற்றில் ஈரம் என்பதே இல்லை, வீதியோரப் பற்றைகள் எல்லாம் செம்புழுதி பூசிக்கொண்டு நின்றன. நான் திருகோணமலைப் பக்கத்துத் தம்பலகாமத்தில், வயலையும் வாய்க்காலையும் தவிர வேறு பேச்சில்லாத வீட்டில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் செப்டெம்பர் மாதத்தில் யாராவது வந்து குளத்தில் தண்ணீர் கூடிவிட்டது என்று சொல்லியிருந்தால் அம்மா உடனே சாமிப் படத்துக்கு விளக்கேற்றியிருப்பார். அதே செய்தியை இங்கே ஒருவர் நட்டக் கணக்காகச் சொல்கிறார். அந்த வாக்கியம் அன்றிலிருந்து என்னை விடவில்லை.

சாரதி பொய் சொல்லவில்லை. மின்னேரியாவின் யானைக் கூட்டத்தைப் பற்றி இலங்கையில் தெரியாதவர் இல்லை. ஜூலை தொடங்கி ஒக்டோபர் வரை, முந்நூறு அளவிலான யானைகள் ஒரே குளக்கரையில் கூடும் காட்சி அது. வெளிநாட்டுச் சுற்றுலாப் பிரசுரங்கள் அதற்குத் தலைப்பெழுத்துப் போட்ட பெயரே வைத்துவிட்டன. ஆனால் அந்தப் பிரசுரங்கள் ஒரு விடயத்தைத் தலைகீழாக எழுதுகின்றன. வறட்சியில் யானைகள் தண்ணீர் தேடி வருகின்றன என்கின்றன. தண்ணீர் குடிக்க யானைக்கு இவ்வளவு பெரிய குளம் எதற்கு? காட்டுக்குள் உள்ள சிறு குளங்களும் ஓடைப் பள்ளங்களும் போதும். அவை வருவது புல்லுக்காக. குளம் வற்ற வற்ற அலைகரை வெளியே தெரியும். மாதக்கணக்கில் நீரின் கீழ் கிடந்த வண்டல் வெயில் பட்டதும் பச்சைப் பசேலென்று புல்லை விடும். காட்டில் எல்லாமே காய்ந்து முள்ளாகி நிற்கும் மாதங்களில் கிடைக்கும் இளம் புல் அது. வளர்ந்த யானை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 150 கிலோ உணவு வேண்டும். பால் கொடுக்கும் தாய் யானைகளுக்கு அந்த அலைகரைதான் ஆண்டின் மிக முக்கியமான பந்தி. குளம் வற்றவில்லை என்றால் பந்தி விரிக்கப்படவில்லை.

அதனால்தான் ஜீப்புகள் எல்லாம் வடக்கே உள்ள கவுடுல்லக் குளத்துப் பக்கம் திரும்பியிருந்தன. சாரதியும் என்னை அங்கே கூட்டிப்போகத்தான் பார்த்தார். முதல் நாள் மாலை நான் கவுடுல்லவுக்குப் போய் வந்திருந்தேன் என்பதைச் சொன்னேன். அங்கே யானைகளைப் பார்த்தேன் என்பதைவிட, யானைகளைச் சுற்றி நின்ற ஜீப்புகளைப் பார்த்தேன் என்பதே சரி. ஒரு குட்டி தாயின் வயிற்றுக்கடியில் நுழைந்துகொள்ள, பதினைந்து வாகனங்களின் கூரையிலிருந்து கெமராக்கள் நீண்டன. இன்னொரு தரம் அதைப் பார்க்க மனமில்லை. “யானை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குளத்தைப் பார்க்க வேண்டும்” என்றேன். எனக்குத் தெரிந்த வெட்டுக்கொத்துச் சிங்களத்தில் அது எப்படி விழுந்ததோ, மனிதர் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எஞ்சினை முடுக்கினார்.

அம்பகஸ்வெவ நுழைவாயிலில் சீட்டுக் கொடுப்பவர் தவிர ஆள் இல்லை. உள்ளே பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த காட்டுப் பாதை. உலர் வலயக் காடு அழகானது என்று முதல் பார்வையில் யாரும் சொல்லிவிட மாட்டார்கள். மழைக்காட்டின் பாசியும் பன்னமும் இங்கே கிடையாது, எல்லாம் கோணிய கிளைகளும் சிறிய தடித்த இலைகளும்தான். ஆனால் இந்த வெயிலில் பச்சையாக நிற்பதற்கு ஒரு மரம் படுகிற பாட்டைத் தெரிந்தவனுக்குப் பாலை மரத்தைவிட மரியாதைக்குரிய மரம் வேறில்லை. சின்ன வயதில் ஆனி, ஆடியில் பிசின் ஒட்டும் பாலைப்பழத்தைத் தின்றுவிட்டு உதட்டைத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தது நினைவுக்கு வந்தது. கரடிக்கும் அந்தப் பழம்தான் உயிர் என்பதைப் பின்னாளில் படித்தேன்.

பாதை திடீரென்று முடிந்தது. வழமையாக அங்கிருந்து புல்வெளியில் இன்னும் வெகுதூரம் ஓட்டிப் போகலாம் என்றார் சாரதி. இப்போது ஜீப்பின் முன்சக்கரத்துக்குச் சற்றுத் தள்ளித் தண்ணீர். பற்றைகளின் இடுப்பளவுக்கு நீர் ஏறி நின்றது. அதற்கப்பால் குளம், எதிர்க்கரை மலைகளின் அடிவாரம்வரை ஒரே நீலம். அவர் எஞ்சினை நிறுத்தினார்.

அமைதியான குளத்தில் என்ன இருந்தது

முதலில் கண்ணில் பட்டவை நீர்க்காகங்கள். ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒரு கரும்பட்டை நீரோடு ஒட்டிப் பறந்துபோய் ஓரிடத்தில் இறங்குவதும், முழுக்குப் போட்டு எழுவதும், பின்வரிசையில் இருந்தவை முன்வரிசையைத் தாண்டிப்போய் விழுவதுமாக, மீன் கூட்டத்தைச் சேர்ந்து துரத்தின. இறகடிப்பின் ஓசை, மழை தூரத்தில் இறங்கி வருவதுபோலக் கேட்டு அடங்கும். அவற்றோடு கூழைக்கடாக்கள் ஒரு கூட்டம், அவசரமே இல்லாமல். ஆழத் தண்ணீரில் முழுகி மீன் பிடிக்கிறவைக்கு இந்தக் குளம் அன்று ராஜவாழ்வு கொடுத்தது என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் சங்குவளை நாரைகள் எங்கே என்று தேடினேன். முழங்காலளவு நீரில் நின்று அலகைத் துழாவி உண்ணும் பறவை அது. அதற்குத் தேவை விளிம்பு. விளிம்பு முழுவதும் பற்றைக்குள் போய்விட்டது. ஒரேயொரு பட்ட மரத்தில் ஐந்தாறு நாரைகள், இறங்க இடமில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தன. இரண்டு ஆள்காட்டிகள் மட்டும் எங்களைத் திட்டிக்கொண்டே சுற்றின.

ஜீப்பிலிருந்து இறங்கக் கூடாது என்பதால் எட்டிப் பார்த்தேன். நீருக்கடியில் புல் தெரிந்தது. சிறு அலை வரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து, அலை போனதும் நிமிரும். நீரின் மட்டம் இடையில் சிறிது இறங்கி, புல் முளைத்து, மறுபடி மட்டம் ஏறியிருக்கிறது. “போன மாதம் கொஞ்சம் வற்றியது. யானை வரத் தொடங்கியது. பிறகு மேலேயிருந்து திறந்துவிட்டார்கள்” என்று சாரதி கையை மேல்நோக்கிக் காட்டினார். மேலே என்றால் அம்பன் கங்கையின் மேல். மொரகஹகந்த அங்கேதான் இருக்கிறது. ஐம்பது கோடி கன மீட்டருக்கு மேல் கொள்ளும் நீர்த்தேக்கம், கூடவே 25 மெகாவாட் மின் நிலையம். அங்கே விடுகிற நீர் எலஹெர அணைக்கட்டில் திரும்பி, பழைய பெருங்கால்வாய் வழியாகக் கிரித்தலைக்கும் மின்னேரியாவுக்கும் வருகிறது. முன்பு இந்தக் குளம் சித்திரையில் தொடங்கும் சிறுபோக நெல்லுக்குக் கொடுத்துக் கொடுத்து ஆவணியில் மெலிந்துபோகும். இப்போது கொடுக்கக் கொடுக்க மேலிருந்து நிரம்பிக்கொள்கிறது.

நெடுநேரத்துக்குப் பிறகு இடப்பக்கக் காட்டோரத்திலிருந்து யானைகள் வந்தன. கூட்டம் என்று சொல்ல முடியாது. மூன்று பெண் யானைகள், பாதி வளர்ந்த ஒன்று, ஒரு சிறு குட்டி. பற்றைக்கும் தண்ணீருக்கும் இடையில் சற்று மேடான ஓரிடத்தில், இருகை விரித்த அளவில் நாலைந்து பாகம் அகலத்துக்குப் புல் தப்பியிருந்தது. நேரே அந்த இடத்துக்கு வந்தன. கட்டைப் புல்லை யானை தின்னும் விதத்தை நான் அவ்வளவு அருகில் அதுவரை பார்த்ததில்லை. முன்காலின் நகத்தால் புல்லைச் செதுக்குவதுபோல் உதைக்கிறது. பெயர்ந்ததைத் துதிக்கையால் சிறு சும்மாடாகச் சேர்க்கிறது. அதை முன்காலில் இரண்டு தட்டுத் தட்டி மண்ணை உதறிவிட்டு வாயில் வைக்கிறது. உதைப்பதும் சேர்ப்பதும் தட்டுவதும் ஓர் ஒழுங்கில் நடக்கின்றன. குட்டிக்கு இன்னும் அந்தத் தொழில் வசப்படவில்லை. உதைக்கிறது, ஒன்றும் பெயரவில்லை, தாயின் வாய்க்குள்ளிருந்து கொஞ்சத்தை எடுத்துக்கொள்கிறது.

முதலில் நான் குட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாரதிதான் தாயைக் காட்டினார். “முதுகைப் பாருங்கள்” என்றார். முதுகெலும்பு வரிசையாகப் புடைத்திருந்தது. நெற்றியின் இரு பக்கமும் குழி விழுந்திருந்தது. செப்டெம்பரில் இந்தக் குளத்தில் நிற்கும் யானை இப்படி இருக்கக் கூடாது என்றார் அவர், இப்போதுதான் அவை தேறியிருக்க வேண்டும். இருபது வருடமாக இதே யானைகளைப் பார்க்கிறவர் அவர். அவருடைய வருமானமும் இந்தப் புல்லோடு கட்டுண்டதுதான், அதனால் அவர் பேச்சைக் கொஞ்சம் கழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஆனால் அந்த முதுகெலும்பைக் கழிக்க முடியவில்லை.

அந்தத் துண்டுப் புல் சீக்கிரமே முடிந்துவிட்டது. மூத்த பெண் யானை தண்ணீருக்குள் சில அடி இறங்கி, துதிக்கையை விட்டுத் துழாவி, நீர் சொட்டும் ஒரு பிடியை எடுத்துப் பார்த்தது. பிறகு எல்லாமாகக் காட்டோரத்தைப் பிடித்துக்கொண்டு வடக்கே நடந்தன. வடக்கே கவுடுல்ல. அதற்கும் வடக்கே கந்தளாய்.

நான் தின்ற சோறு

இங்கேதான் அந்த மாலை என்னைப் பிடித்துக்கொண்டது. யானை நடந்த திசையில்தான் தண்ணீரும் போகிறது. மின்னேரியாவிலிருந்து புறப்படும் பெருங்கால்வாய் கவுடுல்லவுக்குக் கொடுத்துவிட்டுக் கந்தளாய்க் குளத்தில் போய் முடிகிறது. கந்தளாய்க் குளத்திலிருந்து பாய்வது தம்பலகாமத்து வயல்வெளி. பள்ளிக்கூட நாள்களிலேயே இதெல்லாம் தெரிந்ததுதான். மேலேயிருந்து தண்ணீர் வருகிறதாம் என்று அப்பா சொல்லாத சிறுபோகம் கிடையாது. ஆனால் அந்த மேலே என்பதற்கு எனக்கு முகம் இருந்ததில்லை. ஜீப்பின் ஓரத்தில் தொங்கிக்கொண்டு, நீருக்கடியில் ஆடும் புல்லைப் பார்த்தபோது முகம் கிடைத்தது. என்னைப் படிக்கவைத்த நெல்லுக்குப் பாய்ந்த நீர் இந்த வழியாகத்தான் வந்திருக்கிறது.

குளம் கட்டியவனைக் கும்பிடுகிற ஆட்கள் நாங்கள். கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் கட்டுவித்தான் என்றுதான் எங்கள் பக்கத்துக் கோயில் மரபு சொல்லும். அந்தப் பெயரைச் சொல்லும்போதே குரலில் ஒரு பணிவு வரும். மின்னேரியாவைக் கட்டிய மகாசேனனையும் அந்த ஊர்ச் சிங்கள மக்கள் மின்னேரித் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிறார்கள். அவன் காலம் கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் இறுதி. மொழி வேறு, சமயம் வேறு, ஆனால் வானம் பார்த்த பூமியில் தண்ணீரைத் தேக்கித் தந்தவன் தெய்வம்தான். கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் உடைத்து நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகும் நிறைந்த குளத்தின்மேல் எங்கள் ஆட்களுக்கு உள்ள பிரியம் ஒரு துளி குறையவில்லை.

இந்த இடத்தில் சூழல் ஆர்வலர்கள் பலரோடு எனக்கு ஒரு பிணக்கு உண்டு. மின்னேரியாவைப் பற்றி எழுதும்போது அவர்கள் ஒரு பக்கம் விவசாயியையும் மறுபக்கம் யானையையும் நிறுத்திவிடுகிறார்கள். இயற்கை அதிசயம் ஒன்றை மனிதன் கெடுத்துவிட்டான் என்று கதை முடிகிறது. மின்னேரியாவில் எது இயற்கை? குளம் மனிதன் வெட்டியது. குளம் இல்லாவிட்டால் அலைகரை இல்லை. அலைகரையை ஆண்டுதோறும் வெளியே கொண்டுவந்ததும் மழையில்லாமை மட்டும் அல்ல, சிறுபோகத்துக்குத் துருசை, அதாவது குளத்து மதகை, திறந்துவிட்ட விவசாயிதான். மார்கழி மழையில் நிறைந்த குளத்தைச் சித்திரையிலிருந்து அவன் வயலுக்கு இறைத்தான். இறைத்து முடித்த இடத்தில் யானைக்குப் புல் முளைத்தது. அந்த முந்நூறு யானைகளையும் அழைத்தவன் ஹிங்குராக்கொடவிலும் மின்னேரியாவிலும் நெல் விதைத்தவன். 1997இல் தேசிய பூங்காவாக அறிவித்தபோது பாதுகாக்கப்பட்டது அந்தப் பழைய கொடுக்கல் வாங்கலும்தான். ஆனால் பூங்காவின் எல்லைக் கற்களை நட்டவர்களால் நீர்மட்டத்துக்கு எல்லைக்கல் நட முடியவில்லை. அது வேறு திணைக்களத்தின் கையில் இருக்கிறது. காட்டுக்குப் பொறுப்பானவர்களுக்குத் துருசின் சாவி இல்லை. சாவி வைத்திருப்பவர்களின் கணக்கேட்டில் புல்லுக்கு நிரல் இல்லை.

புல் கிடைக்காத யானை பட்டினி கிடந்து சாகும்வரை காட்டுக்குள் காத்திருக்காது. தோட்டத்து வாழைக்கும், காடு வெட்டிச் செய்யும் சேனைப் பயிரின் சோளத்துக்கும், களத்து நெல்லுக்கும் வரும். நிறைந்த குளத்தால் ஆதாயம் பெற்ற அதே ஆளின் வேலியைத்தான் அது முறிக்கும்.

சித்தப்பாவின் கணக்கு

அன்றிரவு தம்பலகாமத்தில் சித்தப்பா வீட்டில் தங்கினேன். இப்போதும் மூன்று ஏக்கர் செய்கிறார், அறுவடை முடிந்து களம் கூட்டியிருந்தார். “காசு கொடுத்து யானை பார்க்கப் போனாயாம். இங்கே திண்ணையில் படுத்திருந்தால் சும்மாவே பார்க்கலாம்” என்று சிரித்தார். போன கிழமை யானை வெடி கொளுத்தி இரண்டைத் துரத்தியிருக்கிறார். சுவர் ஓரத்தில் இன்னும் இரண்டு வெடி தயாராக இருந்தது.

சாப்பிட்ட பிறகு நான் பார்த்ததைச் சொன்னேன். மின்னேரியாவை ஆவணி, புரட்டாதியில் சில அடி இறக்கி வைத்தால் போதும், அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டியதில்லை, மொரகஹகந்தையிலேயே வைத்திருக்கலாம், உங்களுக்கும் இந்த மாதத்தில் வயலில் தண்ணீர் வேண்டாமே என்றேன். அவர் மறுக்கவில்லை. “அறுவடை நேரத்தில் யார் தண்ணீர் கேட்கிறார்கள்? உண்மைதான்” என்றார். வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

“ஐப்பசி மழை பிந்தினால்?”

“அப்போது மேலேயிருந்து திறந்துவிடலாம்தானே, சித்தப்பா.”

“தம்பி, மேலே இருக்கிற தண்ணீர் மேலே இருக்கிறவனுடைய தண்ணீர்.”

இதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை, எனக்குத்தான் தேவைப்பட்டது. கால்வாயின் தலைப்பில் எலஹெர, பிறகு கிரித்தலை, மின்னேரியா, கவுடுல்ல, கடைசியில் நாங்கள். தண்ணீர் தட்டுப்பாடான ஆண்டுகளில் கடைசியில் இருப்பவனுக்கு என்ன வந்து சேரும் என்பதை அவர் கண்ணால் பார்த்தவர். பக்கத்துக் குளத்தில் நிற்கிற நீர் கையிலிருக்கும் காசு. நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நீர்த்தேக்கத்தின் நீர், யாரோ எழுதித் தந்த வாக்கு. மின்னேரியா நிறைந்திருந்தால் அடுத்தது கந்தளாய்க்குத்தான் என்று அவருக்கு நிம்மதி. அந்த நிம்மதியின் விலை ஒரு பெண் யானையின் முதுகெலும்பில் தெரிகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் இரக்கமில்லாதவரும் அல்லர். வெடி கொளுத்துகிற கையாலேயே, வரம்பில் வழுக்கி விழுந்த குட்டியொன்று எழுந்து போகும்வரை டோர்ச்சை அணைத்துவிட்டு நின்றவர்.

அதனால் எனக்கு இப்போது இது தண்ணீர்ப் பஞ்சமாகவே தெரியவில்லை. மொத்தத்தில் தண்ணீர் இருக்கிறது, முன்பைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. தேவைப்படும்போது வரும் என்று கடைசி வயல்காரன் நம்புவதற்கு ஏதுவான ஏற்பாடுதான் இல்லை. ஒவ்வொரு போகத்துக்கு முன்பும் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கிறது. எத்தனை ஏக்கர், எந்தத் தேதியில் முதல் தண்ணீர், எந்தத் தேதியில் கடைசித் தண்ணீர் என்று அங்கேதான் தீர்மானிக்கிறார்கள். மின்னேரியாவின் ஆவணி மட்டமும் அந்தக் கூட்டத்தில் பேசப்பட வேண்டிய ஒரு தேதிதான். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அங்கே ஒரு நாற்காலி, புல்லுக்காக இத்தனை அடி, அதற்கு ஈடாக மழை பிந்தினால் கந்தளாய்க்கு இந்தத் தேதியில் இவ்வளவு நீர் என்று எழுத்தில் ஓர் உறுதி. இதையும் சித்தப்பாவிடம் சொன்னேன்.

“எழுத்திலா?”

“எழுத்தில்.”

“தேதி போட்டு?”

“தேதி போட்டு.”

வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். கமக்காரர் அமைப்பில் பேசிப் பார்க்கலாம், ஆனால் தலைவர் ஒத்துக்கொள்ள மாட்டார், அவருக்கு வாய்க்காலின் தலைப்பில் காணி என்றார். பிறகு, நாற்காலி போடுவதில் தனக்கு ஆட்சேபம் இல்லை, வருகிறவர்கள் வரும்போது யானை வேலிக் கம்பியையும் கையோடு கொண்டுவரட்டும், அளந்துகொண்டு போனவர்களைப் பிறகு இந்தப் பக்கம் காணவே இல்லை என்று சொல்லிக்கொண்டே டோர்ச்சை எடுத்துக்கொண்டு களத்துப் பக்கம் நடந்தார்.